தந்தை இல்லாத இன்பியல்: 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்தில் தடைமாந்தர் மரபு

ஆய்வுச்சுருக்கம்

மறுமலர்ச்சிக் கால ஐரோப்பியக் காதல் இன்பியல் நாடகங்களில் இளங்காதலர்க்குத் தடையாக நிற்கும் முதியவர், குறிப்பாகத் தந்தை, இன்றியமையாத வகைமாந்தர் ஆவார். ஷேக்ஸ்பியரின் 'பன்னிரண்டாம் இரவு' இம்மாந்தரை நீக்கிவிட்டு, ஏனைய மரபுகளைக் கைக்கொண்டு இயங்குகிறது. தந்தை நீங்கிய இடத்தை நாடகம் எதனால் நிரப்பியது என்பதையும், காரியஸ்தனாகிய மால்வோலியோ அடையும் தண்டனைக்கும் அவ்வெற்றிடத்துக்கும் உள்ள தொடர்பையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: காதல் இன்பியல், வகைமாந்தர், தடைமாந்தர், மாறுவேடம், மால்வோலியோ.

முன்னுரை

மறுமலர்ச்சிக் காலத்தில் இன்பியல் நாடகம் காண வந்தவர்க்கு அதன் முடிவு முன்னரே தெரியும். காதலர் கூடுவர், பிரிந்த உடன்பிறப்புகள் இணைவர், மாறுவேடம் கலையும், ஒன்றுக்கு மேற்பட்ட திருமணங்கள் நிகழும். முடிவு தெரிந்த கதையில் காண்போர் எதிர்பார்த்தது, அம்முடிவை எய்தும் வழி எவ்வளவு சிக்கலானது என்பதையே. அச்சிக்கலை உண்டாக்கும் பொறுப்பு பெரும்பாலும் தந்தையர்க்கு உரியதாக இருந்தது.

'இன்பியல்' என்னும் தமிழ்க் கலைச்சொல் துன்பியலுக்கு மறுதலையாக வழங்கி, முடிவின் மகிழ்ச்சியை முன்னிறுத்துகிறது. கற்பித்தலுக்கு இது பயன்படும் சொல்லே. ஆயினும், அம்மகிழ்ச்சி யார் யாருக்குக் கிட்டியது, கிட்டாதவர் எவர், அவர் ஏன் மேடையில் தொடர்ந்து நிறுத்தப்பட்டார் என்னும் வினாக்களை அச்சொல் தானாக எழுப்புவதில்லை. அவ்வினாக்களைக் கூர்மையாக எழுப்பும் நாடகங்களுள் 'பன்னிரண்டாம் இரவு' முதன்மையானது. இந்நாடகம் 1602ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் இலண்டன் மிடில் டெம்பிள் மண்டபத்தில் நிகழ்த்தப்பெற்றதை, அங்குச் சட்டம் பயின்ற ஜான் மானிங்ஹாம் தம் நாட்குறிப்பில் பதிவு செய்துள்ளார். நூல் வடிவில் இது முதன்முதலில் 1623ஆம் ஆண்டின் முதல் பெருந்தொகுப்பில் அச்சாயிற்று.

தடை நிற்கும் தந்தை

பிளாட்டஸ், டெரன்ஸ் ஆகிய உரோமானிய நாடக ஆசிரியர்களே இவ்வகைமாந்தர்க்கு மூலமாக அமைந்தனர். சினங்கொள்ளும் முதியவர், காதல் வயப்பட்ட இளைஞன், அவனுக்குத் துணைநிற்கும் சூழ்ச்சித்திறம் மிக்க அடிமை, வாய்வீச்சு வீரன், பிறர் வீட்டு உணவில் வாழும் ஒட்டுண்ணி எனும் மாந்தர் அவர்தம் நாடகங்களில் மீண்டும் மீண்டும் வருவர். டெரன்ஸின் நாடகங்கள் இங்கிலாந்தின் இலக்கணப் பள்ளிகளில் இலத்தீன் பாடமாகப் பயிலப்பட்டன. ஆகவே நாடகம் எழுதவந்த தலைமுறை இம்மாந்தரைப் பள்ளிப் பருவத்திலேயே அறிந்திருந்தது. பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிக்கலஸ் யூடால் இயற்றிய 'ரால்ஃப் ராய்ஸ்டர் டாய்ஸ்டர்' நாடகத்தில் உரோமானிய வாய்வீச்சு வீரனும் ஒட்டுண்ணியும் ஆங்கிலம் பேசி உலவுகின்றனர்.

இத்தாலியக் கற்றோர் நாடகம் இவ்வைப்பில் ஒரு முக்கியமான மாற்றத்தைச் செய்தது. உரோமானிய மேடையில் காதலி பெரும்பாலும் பேச்சில்லாதவள். சில நாடகங்களில் மேடைக்கே வராதவள். இத்தாலியர் அவளை ஆணுடை உடுத்தி வீதிக்குக் கொண்டுவந்தனர். சியனா நகரின் இன்ட்ரொனாத்தி கழகத்தார் 1532இல் நிகழ்த்திய 'லிங்கன்னாத்தி' (ஏமாற்றப்பட்டோர் என்பது இதன் பொருள்) இதற்குத் தக்க சான்றாகும். லேலியா என்னும் பெண் தன்னை மறந்த காதலன் ஃபிளமீனியோவிடம் ஆணுடையில் ஏவலாளாகச் சேர்கிறாள். அவனுக்காக இசபெல்லாவிடம் தூது செல்கிறாள். இசபெல்லா தூது வந்தவனையே விரும்பிவிடுகிறாள். உரோம நகரம் 1527இல் சூறையாடப்பட்டபோது காணாமற்போன லேலியாவின் உடன்பிறந்தான் திரும்பிவருவதால் சிக்கல் தீர்கிறது. வயோலாவின் கதை இங்கு ஏறத்தாழ முழுமையாகவே உள்ளது. ஆனால் லேலியாவின் தந்தை உயிரோடு இருக்கிறார். தம் மகளை இசபெல்லாவின் தந்தையாகிய கிழவர் கெரார்டோவுக்கே மணமுடிக்க எண்ணுகிறார். ஒரு தந்தை தடையாகவும் மற்றொரு தந்தை பொருந்தாக் காதலராகவும் நிற்க, நகைச்சுவையின் பெரும்பகுதி இவ்விருவரையும் ஏமாற்றுவதில் பிறக்கிறது.

ஷேக்ஸ்பியர் தம் தொடக்கக் காலத்தில் இம்மரபை விட்டு விலகவில்லை. 'வெரோனாவின் இரு கனவான்கள்' நாடகத்தில் ஜூலியா, வயோலாவைப் போலவே ஆணுடை தரித்துத் தன் காதலனின் தூதை மற்றொருத்தியிடம் கொண்டுசெல்கிறாள். ஆனால் அம்மற்றொருத்தியாகிய சில்வியாவை இரவுதோறும் கோபுரத்தில் அடைத்துவைக்கும் தந்தை அங்கு இருக்கிறார். 'நடுவேனிற் கனவு' நாடகத்தில் ஈஜியஸ், தம் சொற்கேளாத மகளுக்கு ஏதென்ஸ் நகரச் சட்டப்படி மரண தண்டனை கோருகிறார். 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில் இத்தடை இரட்டிக்கிறது. போர்ஷியாவின் தந்தை இறந்தபின்னும் மூன்று பேழைகளின் வாயிலாக அவள் திருமணத்தை ஆள்கிறார்; மகளை வீட்டினுள் பூட்டிவைக்கும் ஷைலாக், ஜெசிகா ஆணுடையில் தப்பியோடும் காட்சியில், பழைய நாடகங்களின் ஏமாந்த கருமித் தந்தையாகவே நிற்கிறான். எனினும் அவனுக்கு நேர்வது பழைய நாடகங்களில் கருமிக்கு நேர்வதைப் போன்றதன்று. அங்குக் கருமி இறுதியில் மனம் மாறி விருந்தில் கலந்துகொள்வார். ஷைலாக் தன் சமயத்தை இழந்து, தன் மறைவுக்குப்பின் உடைமை முழுவதும் மருமகனுக்குச் சேர உடன்பட்டு, நான்காம் அங்கத்தோடு மேடையைவிட்டு நீங்குகிறான். தடைமாந்தரை வெல்வது எளிது, வென்றபின் அவரை எங்கே வைப்பது என்பதே கடிது என்பதை அந்நாடகத்தின் ஐந்தாம் அங்கம் உணர்த்துகிறது. ஷைலாக் இல்லாத பெல்மான்ட் நிலவொளி முழு அமைதி தருவதாகத் தோன்றவில்லை.

நினைவாக மட்டும் வரும் தந்தை

இப்பின்னணியில் 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்தின் மாந்தர் பட்டியலை நோக்கினால் அதில் ஒரு தந்தையும் இல்லை என்பது வியப்பளிக்கும். ஒலிவியாவின் தந்தையாகிய பிரபு இறந்து ஏறத்தாழ ஓராண்டு ஆகிறது. அவளைக் காத்துவந்த உடன்பிறந்தானும் அதன்பின் விரைவில் மறைந்தான். வயோலாவின் தந்தை அவளது பதின்மூன்றாம் வயது நிறைந்த நாளில் இறந்தவர். ஆர்சினோவுக்குத் தந்தை உண்டா என்னும் பேச்சே எழுவதில்லை. யாரும் யாருடைய திருமணத்தையும் தடுக்கவில்லை. ஒலிவியாவின் சிற்றப்பன் முறையினரான சர் டோபி, அவளை மூடச் செல்வன் ஒருவனுக்குக் கட்டிவைப்பதாகச் சொல்லிக்கொள்வது அச்செல்வனிடம் பணம் பறிப்பதற்கே. மூவாயிரம் டக்கட் ஆண்டு வருவாய் உடைய சர் ஆண்ட்ரூவிடமிருந்து ஏறத்தாழ இரண்டாயிரம் தன்னால் செலவழிந்துள்ளதாக டோபியே மூன்றாம் அங்கத்தில் ஒப்புகிறான். உரோமானிய ஒட்டுண்ணி இங்குக் குதிரைவீரப் பட்டம் தாங்கிய உறவினனாக மாறியிருக்கிறான்.

இந்நாடகத்தின் நேர்மூலங்களுள் ஒன்றாகக் கொள்ளப்படும் பார்னபி ரிச்சின் 'அப்போலோனியஸும் சில்லாவும்' என்னும் கதை (1581) இங்கு ஒப்பிடத்தக்கது. அதில் ஒலிவியாவுக்கு நிகரான ஜூலினா ஒரு செல்வக் கைம்பெண். அவள் சில்லாவின் உடன்பிறந்தானால் கருவுற்றுப் பின் சில்லாவையே குற்றம் சாட்ட, சில்லா தன் மேலாடையைத் தளர்த்தித் தான் பெண்ணென்று மெய்ப்பிக்கிறாள். சான்று அவளது உடலே. ஷேக்ஸ்பியர் இச்சான்றை விலக்கினார். ஐந்தாம் அங்கத்தில் வயோலாவும் செபாஸ்டியனும் எதிரெதிரே நின்று ஒருவரையொருவர் அறிந்துகொள்வது தந்தையைப் பற்றிய இரு செய்திகளால்: அவர் நெற்றியில் இருந்த மறு, அவர் இறந்த நாள். முதல் அங்கத்தில் கரையொதுங்கிய வயோலா ஆர்சினோவின் பெயரைக் கேட்டதும், தன் தந்தை அப்பெயரைச் சொல்லக் கேட்டிருப்பதாகவும், அப்போது அவன் மணமாகாதவன் என்றும் நினைவுகூர்கிறாள். ஆக, மரபில் காதலைத் தடுக்கும் தந்தை இந்நாடகத்தில் இருமுறையும் நினைவாகவே வருகிறார்; முதன்முறை மகளுக்கு ஒரு பெயரை அறிமுகம் செய்கிறார்; இரண்டாம்முறை பிரிந்த மக்களை இணைக்கிறார். பழைய வகைமாந்தரின் வேலையை இதைவிட முழுமையாகத் தலைகீழாக்க இயலாது.

மானிங்ஹாம் ஒலிவியாவைக் கைம்பெண் என்றே குறிப்பிடுவது கவனத்திற்குரியது. அவள் துக்கம் காப்பது உடன்பிறந்தானுக்காக. கறுப்புடையைக் கண்டு அவர் அவ்வாறு கருதியிருக்கலாம். கணவன், தந்தை, உடன்பிறந்தான் என எவருடைய ஆளுகையும் இன்றி வீட்டையும் நிலத்தையும் தானே நடத்தும் இளம்பெண்ணை, அக்காலக் காண்போர் ஒருவர் கைம்பெண் என்னும் வகையில் வைத்துப் புரிந்துகொண்டார் என்பதே இங்குப் பயனுள்ள செய்தி. கன்னிப்பெண்ணுக்கு மேடை மரபு வழங்காத உரிமையை ஒலிவியா பெற்றிருந்தாள்.

உள்ளே குடிபுகுந்த தடை

தடுப்பவர் இல்லாத கதை ஐந்து அங்கங்களுக்கு எவ்வாறு நீள்கிறது? தடை, காதலர்க்குள்ளேயே குடிபுகுந்துள்ளது. ஒலிவியா ஏழாண்டுகள் முகத்திரையோடு வாழ உறுதி பூண்டிருக்கிறாள். அவ்வுறுதியை அவள்மேல் சுமத்தியவர் எவருமில்லை. ஆர்சினோ ஒலிவியாவைக் காதலிப்பதைவிடக் காதலில் இருப்பதையே மிகுதியும் விரும்புகிறான். நாடகம் தொடங்கியதுமுதல் இறுதி அங்கம் வரை அவன் அவளை நேரில் சந்திக்காமல் ஆள்விட்டே காதலிக்கிறான். வயோலா தன்னைக் காத்துக்கொள்ளப் பூண்ட ஆணுடையே அவள் வாயைக் கட்டிவிடுகிறது.

மாறுவேடம் குறித்து இங்குச் சற்று விரித்துரைக்க வேண்டியுள்ளது. 1660இல் முடியாட்சி மீளும்வரை இங்கிலாந்தின் பொது நாடக அரங்குகளில் பெண் வேடங்களைச் சிறுவர் நடிகரே ஏற்றனர். ஆகவே வயோலா மேடையில் நிற்கும்போது, சிறுவன் ஒருவன் பெண்ணாகவும் அப்பெண் ஆணாகவும் நடிக்கும் மூவடுக்கு உருவம் காண்போர் முன் நின்றது. ஜான் லிலியின் 'கல்லத்தியா' நாடகத்தில் ஆணுடை தரித்த இரு பெண்கள் ஒருவரையொருவர் காதலிக்க, வீனஸ் தேவதை அவர்களுள் ஒருத்தியை ஆணாக்குவதாக வாக்களிக்கிறாள். எவளை என்று நாடகம் சொல்லாமலே முடிகிறது. இந்த அடுக்குகளை உணரத் தமிழ் நாடக வரலாறு அறிந்தோர்க்குப் பெருமுயற்சி தேவையில்லை. 1891இல் சென்னையில் தோன்றிய சுகுணவிலாச சபையிலும் ஆடவரே பெண் வேடம் புனைந்தனர். அதனை நிறுவியவர்களுள் ஒருவரான பம்மல் சம்பந்த முதலியார், ரோசலிண்ட் ஆணுடை பூணும் 'நீங்கள் விரும்பியவாறே' நாடகத்தை 'விரும்பிய விதமே' எனத் தமிழில் தழுவி எழுதினார்.

ரோசலிண்டுக்கும் வயோலாவுக்கும் இடையிலுள்ள வேறுபாடு இங்கு முதன்மை பெறுகிறது. ரோசலிண்டுக்கு ஆணுடை விடுதலை. அதனுள் நின்று அவள் தன் காதலனுக்குக் காதலைக் கற்பிக்கிறாள். வேண்டும்பொழுது அதைக் களைகிறாள். திருமணத் தெய்வம் அவளைப் பெண்ணுடையில் அழைத்துவர, நாட்டைவிட்டுத் துரத்தப்பட்ட நல்ல தந்தை அவளை ஏற்றுக் காதலனிடம் ஒப்படைக்கிறார். கொடுங்கோலனாகிய சிற்றப்பன், முதிய துறவி ஒருவரைச் சந்தித்து மனம் மாறியதாகச் செய்தி வருகிறது. தடைமாந்தரைக் கரைத்துவிட மரபு அளிக்கும் எளிய வழி அது. வயோலாவுக்கு இவற்றுள் ஒன்றும் வாய்க்கவில்லை. அவள் தன் ஆணுடையைத் தீயது என்றே இரண்டாம் அங்கத்தில் நொந்துகொள்கிறாள்; சிக்கலை அவிழ்ப்பது தன்னால் இயலாது, காலம்தான் அவிழ்க்க வேண்டும் என்று விட்டுவிடுகிறாள்.

காரியஸ்தனின் பாத்திரம்

வகைமாந்தர் மரபு ஓர் எதிர்பார்ப்பையும் உடன்கொண்டு வருகிறது. காண்போர் யாரேனும் ஒருவர் தோற்பதைக் காண விரும்புவர்; தந்தை இல்லாத வீட்டில் அத்தோல்வியை ஏற்க ஒருவர் வேண்டும். மால்வோலியோ அவ்விடத்தில் வந்து நிற்கிறான். அவன் வீட்டின் ஒழுங்கைக் காப்பவன். நள்ளிரவில் பாடிக் கூத்தடிப்போரைத் துக்கம் காக்கும் தலைவியின் பெயரால் கண்டிப்பவன். நார்த்ராப் ஃபிரை 1957இல் வெளியிட்ட 'திறனாய்வின் உடற்கூறு' நூலில், களிப்பில் கலவாது அதைக் கெடுக்கும் முரட்டு மாந்தர் வகையில் மால்வோலியோவைச் சேர்த்தார். சி.எல். பார்பர் 1959இல் ஷேக்ஸ்பியரின் இன்பியலை விழாக்கால மரபுகளோடு இணைத்து ஆராய்ந்தபோதும், அவன் விழாவுக்குப் பகைவனாகவே காட்சியளித்தான். இவ்விளக்கங்கள் இரண்டாம் அங்கத்தின் இரவுக் காட்சிக்குப் பொருந்துகின்றன. ஆனால் காதலர் கதையின் முடிவு அவன் கையில் சிக்கிக்கிடப்பதை அவை விளக்கவில்லை.

அவனுக்கு இழைக்கப்படும் தண்டனையின் அளவையும் அவை விளக்கவில்லை. மரியா எழுதிய பொய்க் கடிதத்தை நம்பி, மஞ்சள் காலுறையும் குறுக்குப் பட்டையும் அணிந்து தலைவிமுன் புன்னகைக்கிறான்; பித்தன் எனப்பட்டு இருட்டறையில் அடைக்கப்படுகிறான். போலிக் குருவாக வரும் ஃபெஸ்டே, ஆன்மா பறவைக்குள் புகும் என்னும் பித்தாகரசின் கொள்கையைப் பற்றி வினவ, ஆன்மாவை உயர்வாக மதிப்பதால் அக்கொள்கையை ஏற்கவில்லை என்று அவன் தெளிவாக விடையிறுக்கிறான். அக்கொள்கையை ஏற்கும்வரை இருளிலேயே இரு என்பது போலிக் குருவின் தீர்ப்பு. அறிவு திரிந்தவன் யார் என்பது இங்குக் காண்போர்க்கு ஐயத்திற்கிடமின்றித் தெரிகிறது.

தன்னைத் தானே மிகவும் விரும்புவது அவன் குற்றம் என்று ஒலிவியா முதல் அங்கத்திலேயே சொல்கிறாள். அக்குற்றம் ஆர்சினோவிடமும் உண்டு. அவனோ பரிசு பெறுகிறான். தன்னிலும் உயர்ந்த தலைவியை மணக்க எண்ணியதே அவன் குற்றம் எனின், கடிதம் கிடைப்பதற்கு முன்பே அவன் அவ்வாறு கனவு கண்டான் என்பது உண்மையே. உயர்குடிப் பெண் ஒருத்தி ஆடையறைப் பணியாளன் ஒருவனை மணந்ததை முன்மாதிரியாகவும் எண்ணிப் பார்க்கிறான். ஆனால் அதே வீட்டில் பணிபுரியும் மரியா, பொய்க் கடிதம் எழுதிய திறமைக்குப் பரிசாகத் தலைவியின் உறவினனாகிய சர் டோபியை மணக்கிறாள். கடல் கொண்டுவந்து கரையில் சேர்த்த செபாஸ்டியன், ஒருநாள் பழக்கத்தில் ஒலிவியாவை மணந்து செல்வத் தலைவனாகிறான். ஒருவனுக்குப் பித்தென்று விதிக்கப்பட்டது மற்றிருவர்க்கும் நற்பேறாகிறது. உரோமானிய மரபில் சூழ்ச்சி செய்யும் அடிமை வெல்வான், தடுக்கும் முதியவர் தோற்பார். இங்கே சூழ்ச்சி செய்யும் பணிப்பெண் வெல்கிறாள். முதியவர் இல்லாமையால் மற்றொரு பணியாளன் தோற்கிறான். அடி விழ வேண்டிய இடத்தில் வேறொருவன் நிற்க, மரபு அவனையே அடிக்கிறது.

அக்காலக் காண்போர்க்கு இவ்வடி பெரிதும் உவப்பளித்தது என்பதில் ஐயமில்லை. மானிங்ஹாம் தனித்துப் பாராட்டியது காரியஸ்தனை ஏமாற்றும் பகுதியையே. 1623இல் அரசவையில் நிகழ்ந்தபோது நாடகம் 'மால்வோலியோ' என்னும் பெயராலேயே பதிவாயிற்று. முதலாம் சார்லஸ் மன்னர் தம்மிடமிருந்த இரண்டாம் பெருந்தொகுப்பின் படியில் இந்நாடகத் தலைப்பருகே அப்பெயரை எழுதிவைத்தார். இரட்டையரின் கதையாக எழுதப்பட்ட நாடகத்தில் காரியஸ்தன் தலைமை பெற்றமைக்கு நகைச்சுவை மட்டும் காரணமாகாது. நாடக அமைப்பிலேயே அதற்கு இடம் உள்ளது.

வராத பெண்ணுடை

மாறுவேட மரபின்படி இறுதிக் காட்சியில் நாயகி பெண்ணுடையில் தோன்ற வேண்டும். வயோலா தோன்றுவதில்லை. அவளது பெண்ணுடை, அவளைக் கரைசேர்த்த கப்பல் தலைவனிடம் உள்ளது. அவனோ மால்வோலியோ தொடுத்த வழக்கினால் சிறையில் இருக்கிறான். என்ன வழக்கு என்று நாடகம் கூறவில்லை. முதல் அங்கத்தின் இரண்டாம் காட்சியில் வந்துபோன ஒருவனை, அதன்பின் எவரும் நினைக்காத நிலையில், ஐந்தாம் அங்கத்தில் வலிந்து நினைவூட்டி, அவனைச் சிறையிலிட்டு, அதற்குரியவனாக மால்வோலியோவைப் பெயர் சுட்டிச் சொல்வது தற்செயலாக இருக்க முடியாது. இச்செய்தி இல்லாமலே கதை முடிந்திருக்கும். ஆடையை யாரேனும் எடுத்துவந்திருக்கலாம். ஷேக்ஸ்பியர் அவ்வாறு செய்யாது, நாடகம் முழுவதும் காணாமலிருந்த தடையைக் கடைசிக் கணத்தில் மேடைக்குக் கொண்டுவந்தார்; காதலரின் எதிரியாக ஒருபோதும் இராத காரியஸ்தன் கையில் அதை வைத்தார். தந்தைக்குரிய தண்டனையைப் பெற்றவனுக்குத் தந்தைக்குரிய அதிகாரமும் இவ்வாறு வந்துசேர்கிறது.

அவ்வதிகாரம் அவனிடம் இருப்பதை மேடையில் நிற்போருள் ஆர்சினோ ஒருவனே உணர்கிறான். ஒலிவியா, மால்வோலியோ கொடிதாக வஞ்சிக்கப்பட்டான் என்று ஒப்புகிறாள். ஃபேபியன், இருதரப்புக் குறைகளையும் எடைபோட்டால் இது பழிக்கன்றி நகைக்கே உரியது என்று சமாதானம் கூறுகிறான். மால்வோலியோ அச்சமாதானத்தை ஏற்காது, அனைவர்மீதும் பழிதீர்ப்பதாகச் சூளுரைத்து வெளியேறுகிறான். பின்தொடர்ந்து சென்று அவனைச் சமாதானத்துக்கு இணங்கச் செய்யுமாறு ஆர்சினோ ஆணையிடுகிறான். கப்பல் தலைவனைப் பற்றி அவன் இன்னும் கூறவில்லை என்னும் காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறான். ஆணையில் இரக்கத்தோடு தேவையும் கலந்திருக்கிறது.

இக்காட்சியில் ஒதுக்கப்பட்டவன் அவன் மட்டுமல்லன். தலையில் காயத்தோடு வந்த சர் ஆண்ட்ரூவைத் தோழன் டோபி மூடனென்று ஏசி விரட்டிவிடுகிறான். அவனது பணம் தீர்ந்ததோடு அவன் வகைமாந்தர் பணியும் தீர்ந்தது. செபாஸ்டியனுக்காகத் தன் பணப்பையையும் உயிரையும் பணயம் வைத்த அந்தோணியோ, உண்மை வெளிப்பட்டபின் சொல்வதற்கு ஒன்றுமின்றி நிற்கிறான். அவனை விடுவித்ததாகவும் உரை இல்லை. எனினும் இவ்விருவர் வெளியேற்றமும் எவர் திருமணத்தையும் பாதிக்கவில்லை. மால்வோலியோவின் வெளியேற்றம் பாதிக்கிறது.

ஆர்சினோ வயோலாவின் கையைப் பற்றிய பின்னும் அவளைச் செசாரியோ என்னும் ஆண்பெயராலேயே அழைக்கிறான். வேறுடையில் காணும்வரை அப்பெயரே நிலைக்கும் என்றும் கூறுகிறான். அனைவரும் உள்ளே செல்ல, ஃபெஸ்டே தனித்து நின்று காற்றையும் மழையையும் பாடுகிறான். பின்தொடரச் சென்றவன் திரும்பவில்லை. கப்பல் தலைவன் சிறையிலேயே இருக்கிறான்.